அரை நொடி

ராதிம் தனியாகப் பாடிய குறுவட்டு
தபாலில் வந்தது.
கடிதம் இல்லை. உறைமேல் என் பெயரில்
ஓர் எழுத்துப் பிழை.
பதினாறு வருடம் பக்கத்தில் நின்றவன்.

அட்டையில் அவன் முகம் மட்டும்.
எங்கள் பழைய அட்டைகளில்
நால்வரும் நிற்போம்,
யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்போம்.
பெரும்பாலும் நான்.

கடைசி டிராமைப் பணிமனையில் நிறுத்திவிட்டு
விளக்கணைத்த பெட்டியிலேயே உட்கார்ந்தேன்.
மகள் விட்டுப்போன சிடி பிளேயர்,
ஒரு பக்கம் மட்டும் கேட்கும் காதணிக் கருவி.
வெளியே ஓஸ்ட்ராவாவின் மழை,
தண்டவாளத்தில் பட்டு
கரியின் வாசனையோடு எழும் மழை.

கேட்குமுன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன், ஒளிப்பானேன்?
மோசமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்,
சாமி நம்பாதவன் வேண்டுவது போல,
யாரிடம் என்று தெரியாமல்.

முதல் பாட்டு சுமார்.
இரண்டாவதில் எந்திரத் தாளம்,
பல்வரிசை விளம்பரம் மாதிரி ஒழுங்கு.
'ஸ்பினெக் வாசித்திருந்தால் தெரியும்' என்று
காலி இருக்கைகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாவதில் சிரிப்பு நின்றது.

ஒரு குரல், ஒற்றைக் கித்தார்.
சுரங்கத்திலிருந்து வந்த அப்பா
சமையலறைத் தொட்டியில் குனிந்து
காது மடல்களை மட்டும்
மூன்று முறை கழுவுவதை
அவன் பாடுகிறான்.
அவ்வளவுதான் பாட்டு.
அந்தக் காதுகளைப் பற்றி
எங்களிடம் அவன் மூச்சு விட்டதில்லை.

விட்டிருந்தால் என்ன செய்திருப்போம்?
போதானா அதன்மேல் ஆர்கனை ஊற்றியிருப்பாள்.
ஸ்பினெக் வேகத்தைக் கூட்டச் சொல்லியிருப்பான்.
நான்,
அமைதி கிடைத்த இடத்திலெல்லாம்
பேஸ் கித்தாரைக் குழைத்துப் பூசியிருப்பேன்,
விரிசல் கண்ட கொத்தனார் போல.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள்.
சரிதான்.
தோப்பில் நின்ற வருடங்களில்
நீ என்ன மரம் என்று
ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

மூடிய சுரங்கத்தின் குளியலறையில்தான்
நாங்கள் ஒத்திகை பார்ப்போம்.
துணியை ஏற்றித் தொங்கவிட்ட சங்கிலிகள்
கூரையில் அப்படியே இருந்தன.
நான் தாழ்ந்த ஸ்வரம் தொட்டால்
அவையெல்லாம் நடுங்கும்.
ஐந்தாவது ஆள் என்போம் அவற்றை.
சம்பளம் கேட்காத ஒரே ஆள்.

சண்டை எப்போதும் ஒன்றுதான்.
பல்லவிக்குத் திரும்புமுன்
ஸ்பினெக்கின் மூக்குக்கண்ணாடி நழுவும்.
மணிக்கட்டால் அதை மேலே தள்ளிவிட்டுத்தான்
அடிப்பான்.
அரை நொடி போய்விடும்.
'அரை நொடி, அரை நொடி' என்று
ராதிம் மைக்கைக் கீழே எறிந்த நவம்பரில்தான்
எல்லாம் முடிந்தது.

இப்போது ஏழாவது பாட்டு.
அதே எந்திரம், அதே ஒழுங்கு.
பல்லவி வருகிறது,
வாயைத் திறக்கும் மூச்சு கேட்கிறது,
தாளம் வரவில்லை.

அரை நொடி.

பிறகு விழுந்தது.
திரும்பக் கேட்டேன். அடுத்த பல்லவியிலும் அப்படியே.
அதற்கடுத்ததிலும்.
எந்திரத்துக்கு மூக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை.
யாரோ உட்கார்ந்து
ஒவ்வொரு இடமாக
அதைத் தாமதிக்க வைத்திருக்கிறார்கள்.

மற்ற நான்கு பாட்டுகள் நினைவில் இல்லை.
மூன்றாவதை மட்டும் இன்னொரு முறை போட்டேன்.
நாங்கள் இல்லாததால் நன்றாக இருந்தது.
சொல்லக் கசக்கிறது,
இருந்தும் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவு தாண்டி ஸ்பினெக்கைக் கூப்பிட்டேன்.
'ஏழாவது கேட்டாயா?'
'கேட்டேன்.'
மழையா, தொலைபேசி இரைச்சலா,
கொஞ்ச நேரம் அது மட்டும் ஓடியது.
பிறகு சொன்னான்:
'புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் நழுவுவதில்லை.'